குஞ்சரம் என்ற சொல்

ரம்மி விளம்பரங்களின் கடைசி நான்கைந்து விநாடிகளைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகு நாட்களாக நினைத்திருந்தேன். சில வருஷங்கள் அவை தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் ஓயாமல் வந்துகொண்டிருந்தன. ஒரு நடிகரோ, நடிகர் என்று தோன்றாத ஒரு சாதாரண மனிதரோ, தான் ஜெயித்த கதையைச் சொல்லி முடிப்பார். அந்தக் குரலில் உற்சாகம் இருக்கும், நெருக்கம் இருக்கும், ஏதோ ஒரு ஊரின் பேச்சு வாசனை இருக்கும். அவர் முடித்ததும் இன்னொரு குரல் வரும். இதற்கு ஊர் கிடையாது, வயது கிடையாது. இந்த விளையாட்டில் பண இழப்பு நேரலாம், இது அடிமைப்படுத்தக் கூடியது, பொறுப்புடன் விளையாடுங்கள், விளைவுகள் உங்களைச் சேர்ந்தவை என்ற அர்த்தத்தில் ஒரு வாக்கியத்தை மூச்சு விடாமல் சொல்லிவிட்டு மறைந்துவிடும். முதல் குரலை நாம் கேட்டோம். இரண்டாவது குரல் நம் காதில் விழுந்தது. இரண்டும் ஒன்றல்ல.

இரண்டாவது குரல் விளம்பரக்காரர்கள் தாமாக மனமிரங்கிச் சேர்த்ததல்ல. இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் வகுத்த விதிகள் 2020 டிசம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தன. மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகமும் அவற்றைப் பின்பற்றச் சொன்னது. அச்சு விளம்பரமானால் எச்சரிக்கை ஐந்தில் ஒரு பங்கு இடத்தையாவது எடுத்துக்கொள்ள வேண்டும். குரலில் வருவதானால் விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், சாதாரணமாகப் பேசும் வேகத்தில் சொல்லப்பட வேண்டும். வேகத்தையும் ஒரு விதியாக எழுத வேண்டியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். உருவமும் உள்ளடக்கமும் பிரிக்க முடியாதவை என்று நாம் பத்திரிகைகளில் வருஷக்கணக்காக வாதாடிய விஷயத்தை ஒரு சுற்றறிக்கை ஒரே வரியில் முடித்துவிட்டது.

2025 ஆகஸ்டில் பாராளுமன்றம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றுக்கான விளம்பரங்களையும் தடை செய்து சட்டம் இயற்றியது. பெரிய கம்பெனிகள் பண ஆட்டத்தை நிறுத்திக்கொண்டன. அந்தக் குரலும் நின்றது. நின்றுபோன ஒன்றைப் பற்றி இப்போது எதற்கு என்று கேட்கலாம். வெளிநாட்டிலிருந்து நடக்கும் பந்தயக் கடைகள் செய்தித் தளம் என்று வேஷம் கட்டிக்கொண்டு விளம்பரம் செய்வதைப் பற்றி 2022இலேயே அமைச்சகம் எச்சரிக்க வேண்டியிருந்தது என்பது ஒரு பதில். ஆனால் என் பிரச்னை சட்டத்தைப் பற்றியதல்ல. ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒருவனை ஏமாற்ற முடியுமா? முடியும் என்றால், அந்தக் காரியத்தில் குற்றம் எந்த இடத்தில் இருக்கிறது?

பொய்யை எந்தச் சந்தர்ப்பத்திலும் அனுமதிக்காதவர் என்று பெயரெடுத்த கான்ட், தன் அறவியல் வகுப்புகளில் ஒரு உதாரணம் சொல்லியிருக்கிறார். நான் பெட்டி கட்டுகிறேன். பார்ப்பவர்கள் நான் பிரயாணம் கிளம்புகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் அப்படி நினைக்க வேண்டும் என்பதே என் உத்தேசம். ஆனால் நான் எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. என் எண்ணத்தை அறிவிக்கும்படி கேட்க அவர்களுக்கு உரிமையும் இல்லை. ஆகவே இது பொய்யல்ல என்கிறார். சரிதான். ஆனால் கான்ட்டின் பெட்டி எதிர்வீட்டுக்காரனிடம் எதையும் விற்கவில்லை. அவன் தப்பாக ஊகித்தால் எனக்கு லாபம், சரியாக ஊகித்தால் எனக்கு நஷ்டம் என்ற நிலையில், பெட்டி கட்டுவதையே தொழிலாகக் கொண்டவனைப் பற்றிக் கான்ட் பேசவில்லை.

பேசியது பாரதம். துரோணரைக் கொல்ல வேறு வழியில்லை என்று ஆனபோது அசுவத்தாமன் என்ற பெயருள்ள யானையைக் கொல்கிறார்கள். அசுவத்தாமன் இறந்தான் என்று தர்மன் சொன்னால்தான் துரோணர் நம்புவார். தர்மன் சொல்கிறான். கூடவே 'யானை' என்பதைக் குறிக்கும் 'குஞ்சரம்' என்ற சொல்லையும் சொல்கிறான், தெளிவில்லாமல். கிருஷ்ணன் சரியாக அந்த நேரத்தில் சங்கு ஊதினான் என்பது நாம் கதை கேட்டு வளர்ந்த வடிவம். எந்த வடிவத்தை எடுத்துக்கொண்டாலும் தர்மன் சொன்னதில் பொய் இல்லை. வாக்கியம் முழுமையானது. துரோணருக்கு எட்டியது பாதி. அதுவரை தரையிலிருந்து நாலு விரற்கடை உயரத்தில் ஓடிக்கொண்டிருந்த தர்மனின் தேர் அந்தக் கணத்தில் மண்ணைத் தொட்டது என்கிறது காவியம்.

விளம்பரத்தின் இரண்டாவது குரல் சொல்வது குஞ்சரம் என்ற சொல்லைத்தான். முதல் குரல் அசுவத்தாமன் இறந்தான் என்று உரக்கச் சொல்கிறது. இரண்டாவது குரல், யானை, என்கிறது. நடுவில் சங்கு ஊதப் பின்னணி இசை இருக்கிறது. வித்தியாசம் ஒன்று உண்டு. தர்மன் ஒரு தடவை சொன்னான், அதற்காகக் கடைசிவரை உறுத்தலோடு இருந்தான். இங்கே ஒரு நாளைக்குப் பல தடவை சொல்லப்பட்டது. சொல்வதற்குத் தனியாக ஆளும் இருந்தது.

இந்த விளம்பரங்களை ஒரு கவிதையைப் பார்ப்பதுபோல் சொல் சொல்லாகப் பார்த்தால் தந்திரங்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியும். முதலாவது, பெயரிடுதல். சூது என்ற சொல் அங்கே கிடையாது. விளையாட்டு. பணயம் கிடையாது. நுழைவுக் கட்டணம். தோல்வி கிடையாது. அடுத்த ஆட்டம். தமிழில் சூது என்ற சொல்லே வஞ்சனை என்ற அர்த்தத்தையும் சுமந்துகொண்டிருக்கிறது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் அதில் பல தலைமுறைகள் சேர்த்துவைத்த அச்சமும் போய்விடுகிறது. சொற்களைக் கழுவி எடுப்பது கவிஞன் செய்கிற காரியம் என்று சொல்வதுண்டு. அவன் கழுவுவது சொல் மறைத்துவைத்திருப்பது தெரிய வேண்டும் என்பதற்காக. இவர்கள் கழுவுவது சொல் ஞாபகம் வைத்திருப்பது மறக்க வேண்டும் என்பதற்காக.

இரண்டாவது, திறமை. இந்த ஒரு சொல்லின்மேல்தான் ஒரு தொழிலே நின்றது. செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் பணம் வைத்து ரம்மி ஆடியவர்கள்மீதான வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த, 1968 தீர்ப்பு என்று வழக்கமாகக் குறிப்பிடப்படும் தீர்ப்பு, ரம்மி பெருமளவு திறமையைச் சார்ந்த ஆட்டம் என்றது. விழுந்த சீட்டுகளை ஞாபகம் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று தெரிய வேண்டும். நியாயமான பேச்சு. ஆனால் அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது. ஆட்டத்திலிருந்து இடத்தின் சொந்தக்காரரோ கிளப்போ லாபம் அடைந்தால் அப்போது குற்றம் நிரூபணமாகக்கூடும் என்றது. முதல் வாக்கியத்தைத் தமிழ்நாட்டில் கேட்காதவர் இல்லை. இரண்டாவதைக் கேட்டவர் எத்தனை பேர்? தீர்ப்புக்குள்ளும் ஒரு குஞ்சரம் இருந்திருக்கிறது.

நான் கணக்குப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன். அந்த வழியிலேயே யோசித்துப் பார்க்கிறேன். உதாரணத்துக்கு ஆறு பேர் ஆளுக்கு 100 ரூபாய் போட்டு ஆடுகிறார்கள். மேஜையில் 600. கம்பெனி தன் பங்காக 60 எடுத்துக்கொண்டு 540ஐ ஜெயித்தவருக்குக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே ஆறு பேர் அதே தொகைக்குப் பத்து ஆட்டம் ஆடினால் முதல் ஆட்டத்துக்கு வந்த முழுப் பணத்துக்கும் சமமான 600 ரூபாய் கம்பெனியிடம் சேர்ந்திருக்கும். ஆறு பேரும் மேதைகளாக இருக்கட்டும், ஆறு பேரும் அசடுகளாக இருக்கட்டும், இந்தக் கணக்கு மாறாது. திறமை தீர்மானிப்பது மிச்சப் பணம் யார் பைக்குப் போகிறது என்பதை மட்டும்தான். ஒரு திறமைசாலி தொடர்ந்து சம்பாதிக்க வேண்டுமானால் திறமையில்லாதவர்கள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். விளம்பரம் அழைத்தது அவர்களைத்தான். அழைக்கும்போது திறமைசாலிகளே என்று அழைத்தது. இதைவிட நுட்பமான அவமதிப்பு எனக்குத் தெரிந்து வேறில்லை.

மூன்றாவது, சாட்சி. ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் வருவார், மளிகைக்கடை வைத்திருக்கிற ஒருவர் வருவார், வீட்டுவேலை முடித்துவிட்டு ஒரு பெண் வருவார். இத்தனை லட்சம் ஜெயித்தேன் என்பார்கள். அவர்கள் உண்மையாகவே ஜெயித்தவர்களாக இருக்கலாம். அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை, தேவையும் இல்லை. ஒரு ஆளை மட்டும் கூண்டில் ஏற்றி, மற்ற சாட்சிகள் எல்லாரையும் வாசலிலேயே நிறுத்திவிட்ட நீதிமன்றத்தில் அந்த ஒருவர் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. தோற்றவர்களுக்குச் சொல்வதற்கு ஒரு கதை இருந்தது. அது முப்பது விநாடிக்குள் அடங்காது.

நான்காவது, தூண்டில். சேர்ந்த உடனே கணக்கில் ஒரு தொகை போனஸாக ஏறும். அதைக் கையில் எடுக்க முடியாது, ஆட்டத்தில் வைக்க மட்டும் முடியும். அது பணம்போலத் தெரிகிற, பணமில்லாத ஒன்று. திருக்குறளின் 94ஆம் அதிகாரம் சூதைப் பற்றியது. அதன் முதல் குறளில் வள்ளுவர் எடுத்துக்கொள்வது தோல்வியை அல்ல, வெற்றியை. ஜெயித்த பொருள், மீன் விழுங்கிய தூண்டில் இரும்பு என்கிறார். பள்ளிக்கூடத்தில் படித்தபோது இது வழக்கமான நீதியாகத் தோன்றியது. இப்போது ஒரு வியாபார உத்தியின் துல்லியமான வர்ணனையாகத் தோன்றுகிறது. தோல்வியால் ஒருவனைப் பிடித்துவைக்க முடியாது. அவனை ஜெயிக்கவிட வேண்டும், கொஞ்சமாக, எப்போது என்று அவனுக்குத் தெரியாத இடைவெளிகளில். எதிர்பாராத நேரத்தில் கிடைக்கும் தானியத்துக்காகப் புறா விடாமல் கொத்திக்கொண்டே இருப்பதை ஸ்கின்னர் தன் சோதனைக்கூடத்தில் காட்டினார். வள்ளுவருக்குச் சோதனைக்கூடம் தேவைப்படவில்லை. சூதாடியைப் பார்த்திருக்கிறார்.

ஐந்தாவது, நேரம். தமிழ்நாடு அரசு 2025இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைகளில் நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணிவரை பண ஆட்டம் கூடாது என்று ஒரு விதி இருந்தது. கம்பெனிகள் எதிர்த்து வழக்காடின. சென்னை உயர் நீதிமன்றம் விதி செல்லும் என்றது. ஒரு மனிதன் இரவு இரண்டு மணிக்கு யார்? பகல் பதினொரு மணிக்கு வங்கிக்கு வந்து வட்டி விகிதம் எவ்வளவு என்று விசாரித்து, அடுத்த தெருக் கூட்டுறவுச் சங்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போகிற அதே ஆள்தானா? கைபேசி இருவருக்கும் ஒரே பெயரில்தான் கணக்கு வைத்திருக்கிறது. இருவரும் ஒருவரல்ல என்பது ஒரு அரசாங்க விதிக்குத் தெரிந்திருக்கிறது.

'பொறுப்புடன் விளையாடுங்கள்' என்ற வாக்கியத்தின் சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அது யாரைப் பார்த்துப் பேசுகிறது? பொறுப்பு உள்ளவனைப் பார்த்து. அவன் இருக்கும்வரை கம்பெனிக்குப் பெரிய லாபம் இல்லை. அவன் ஐம்பது ரூபாய் தோற்றுவிட்டுத் தூங்கப் போய்விடுவான். வியாபாரத்தின் முக்கியமான வாடிக்கையாளன் அந்த வாக்கியம் காதில் ஏறாத இடத்துக்குப் போய்விட்டவன். ஆக, எச்சரிக்கை யாருக்குத் தேவையில்லையோ அவனுக்குச் சொல்லப்படுகிறது. யாருக்குத் தேவையோ அவன்மீது பிறகு குற்றச்சாட்டாகத் திருப்பப்படுகிறது. நாங்கள்தான் சொன்னோமே.

பாஸ்கல் சூதாடியைப் பற்றி ஒரு விஷயம் கவனித்திருக்கிறார். தினமும் அவன் ஜெயிக்கக்கூடிய பணத்தை, ஆடக்கூடாது என்ற நிபந்தனையோடு காலையிலேயே அவன் கையில் கொடுத்துவிடுங்கள். அவன் சந்தோஷம் போய்விடும். பணமில்லாமல் வெறுமனே ஆடச் சொல்லுங்கள். அலுத்துப்போவான். அவனுக்கு வேண்டியது பணமும் அல்ல, ஆட்டமும் அல்ல. தன்னை மறந்திருப்பதற்கு, அந்தப் பணத்துக்காகத்தான் ஆடுகிறேன் என்று அவன் தன்னையே நம்பவைத்துக்கொள்ள வேண்டும். விளம்பரம் செய்த காரியம் அந்த சுயஏமாற்றத்துக்கான வசனத்தை எழுதிக் கொடுத்தது. குழந்தையின் படிப்புக்கு, தங்கையின் கல்யாணத்துக்கு, சொந்தமாக ஒரு வண்டிக்கு என்று. வருமானத்துக்கான வழியாகவோ வேலைக்கு மாற்றாகவோ இதைக் காட்டக்கூடாது என்று 2020 விதிகள் தடுத்ததற்குக் காரணம் இதுதான்.

சபையில் தர்மன் தம்பிகளைத் தோற்றான், பிறகு தன்னைத் தோற்றான். அதற்கப்புறம் சகுனி சொன்னதைக் கவனிக்க வேண்டும். இன்னும் திரௌபதி இருக்கிறாள், அவளை வைத்து உன்னை மீட்டுக்கொள் என்ற அர்த்தத்தில் சொல்கிறான். உலகத்திலேயே மிகப் பழமையான சூது விளம்பரம் இதுவாக இருக்கலாம். விட்டதைப் பிடி. அழைத்துவரப் போன ஆளிடம் திரௌபதி ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டனுப்புகிறாள். முதலில் தோற்றது உன்னையா, என்னையா? தன்னைத் தோற்றவனுக்கு வேறொன்றைப் பணயம் வைக்கும் உரிமை ஏது? சபையில் யாருக்கும் பதில் தெரியவில்லை. தர்மம் சூக்ஷ்மமானது என்கிறார் பீஷ்மர். நிபுணர்கள் சங்கடமான நேரங்களில் எப்போதும் சொல்லும் பதில்.

சொந்தப் பொறுப்பில் விளையாடுங்கள் என்பதற்குத் திரௌபதியின் கேள்விதான் விமர்சனம். சொந்தம் என்ற சொல் அங்கே எவ்வளவு தூரம் நீளுகிறது? ஆடுகிறவன் தன்னைத் தோற்ற பிறகு வைக்கப்படுவது எதுவும் அவன் சொந்தமல்ல. அந்த அபாயத்துக்குச் சம்மதித்தவர்கள் பட்டியலில் மனைவியும் குழந்தையும் இல்லை. அவர்கள் அந்த விளம்பரத்தில் வந்தார்கள், சிரித்துக்கொண்டு, ஜெயித்த பிறகு.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. வயதுவந்த ஒருவன் தன் பணத்தைத் தன் இஷ்டப்படி இழக்க உரிமை உள்ளவன். அவனைக் குழந்தையாக நடத்துவது வேறொரு அவமதிப்பு. மேலும், நாவலாசிரியன் மயக்கவில்லையா? கவிஞன் ஒலியால் வசப்படுத்தவில்லையா? சாய்வுகளே இல்லாத மொழி எங்கே இருக்கிறது? நான் இந்த மறுப்பை மதிக்கிறேன். தஸ்தயேவ்ஸ்கி தன் சூதாடி நாவலை 1866இல் ஒரு பதிப்பாளனின் கெடுவுக்குப் பயந்து ஒரு மாதத்துக்குள் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். அதற்குப் பிறகும் அவர் ரூலெட் மேஜைக்குப் போனார். அந்த நாவலைப் படிக்கிறவனுக்கும் சக்கரம் சுழலும்போது உடம்பில் ஒரு சூடு ஏறத்தான் செய்யும். மயக்கம் அங்கேயும் உண்டு. ஆனால் நாவலை மூடும்போது அந்த மயக்கத்தின் உட்புறம் எனக்குத் தெரிந்திருக்கிறது; மறுப்பதற்கு எனக்கு முன்பைவிட அதிகமான பலம் இருக்கிறது. வற்புறுத்துகிற மொழிகளுக்குள் தராதரம் பார்க்க எனக்கு வேறு அளவுகோல் கிடைக்கவில்லை. கேட்டு முடித்தபின் மாட்டேன் என்று சொல்லும் சக்தி எனக்குக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? குறைந்தால்தான் பிழைப்பு என்றுள்ள மொழி, ஒவ்வொரு வாக்கியமும் நிஜமாக இருந்தாலும், வஞ்சனைதான். குற்றம் வாக்கியத்தில் இல்லை. கேட்பவன் தவறிப்போவதில் சொல்பவனுக்கு இருக்கும் பங்கில் இருக்கிறது.

அரசாங்கம் இந்தப் பங்கிலிருந்து தப்பியதில்லை. 1968இல் அண்ணாதுரையின் ஆட்சியில் தமிழக அரசு லாட்டரிச் சீட்டு தொடங்கியபோது உலவிய வாசகம் நம் அப்பாக்களுக்கு மனப்பாடம்: விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு. எதுகை மோனை எல்லாம் சரியாக இருக்கிற, ஒரு குறைகூடச் சொல்ல முடியாத வரி. தோல்விக்கு ஒரு தேசபக்தியைத் தைத்துக் கொடுக்கும் சாமர்த்தியம் இந்தக் கம்பெனிகளுக்கு வரவில்லை. 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரி தடை செய்யப்பட்டது. இருபது வருஷம் கழித்து, 2023 அக்டோபரிலிருந்து, இணையப் பண ஆட்டத்தில் ஒருவர் கட்டும் முழுத் தொகைக்கும் 28 சதவீத வரி விதிக்கப்பட்டது. ஆடுவதற்கு முன்பே நாட்டுக்கு. பழைய வாசகத்தில் 'விழாவிட்டால்' என்ற நிபந்தனையாவது இருந்தது.

இவ்வளவும் எழுதிவிட்டு என்னை வெளியே நிறுத்திக்கொண்டால் நானும் இரண்டாவது குரலில் பேசுகிறவன் ஆவேன். ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

நான் வேலை பார்க்கும் கிளையில் சில வருஷங்களுக்கு முன் நகைக்கடன் கவுண்டரில் இருந்தேன். சரக்கு வண்டி ஓட்டும் ஒருவர் எட்டு மாதத்தில் மூன்று தடவை நகை வைத்தார். பாஸ்புக் அச்சடிக்கும்போது வரிகள் கண்ணில் படாமல் இருக்காது. 100, 200, 500, 500, 1000 என்று ஒரே பெயருக்குப் போய்க்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கத்தில் ஒரு தடவை 4,200 வந்திருந்தது. ஒரே ஒரு தடவை. தூண்டில் இரும்பு பாஸ்புக்கில் எப்படி இருக்கும் என்று அன்று பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அது என் வேலையல்ல. மூன்றாவது தடவை அவர் வந்தபோதும் வழக்கம்போலப் படிவத்தை நீட்டி, கையெழுத்து வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தேன். "இங்க, இங்க, கடைசிப் பக்கத்துல ஒண்ணு, அண்ணே." அவர் போட்டார்.

இரண்டு மாதம் கழித்து அவர் மனைவி வந்தார். கையில் கடன் அட்டை இருந்தது. வட்டி கட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"சார், இந்த நகையை நான் திருப்பிக்கலாமா?"

"அவர் பேர்ல இருக்கும்மா. அவர்தான் வரணும்."

"எங்கம்மா போட்டது சார் இது."

"புரியுதும்மா. ஆனா வச்சவங்ககிட்டதான் குடுக்க முடியும். அவர் கையெழுத்துப் போட்டிருக்கார்."

அவர் கொஞ்ச நேரம் நின்றார். குரலை உயர்த்தவில்லை. "நகை என்னோடது. கையெழுத்து அவரோடது. அப்ப அது யாரோடது சார்?"

என்னிடம் பதில் இருந்தது. படிவத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி உண்டு, இந்த நகைகள் எனக்கே சொந்தமானவை, வேறு எவருக்கும் இவற்றில் உரிமையில்லை என்று அடகு வைப்பவர் உறுதி அளிப்பதாக. அந்த வரிக்குக் கீழேதான் நான் பெருக்கல் குறி போட்டிருந்தேன். அவர் அதைப் படிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். படித்துவிட்டுப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் மூன்று வார்த்தைகளை வேகமாகச் சொல்லியிருப்பேன். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். அந்தப் பெண்ணிடம் விதியைச் சொன்னேன். தர்மம் சூக்ஷ்மமானது என்பதை வங்கி பாஷையில் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

அன்று நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. எங்கள் கிளையில் யாரும் விதியை மீறவில்லை. இன்னொரு தடவை அதே சூழ்நிலை வந்தாலும் விதிப்படி அந்தப் பெண்ணிடம் நகையைக் கொடுக்க என்னால் முடியாது. முடிந்திருக்கக்கூடியது அதற்கு முன்னால், மூன்றாவது தடவை அவர் வந்தபோது. பேனாவை நீட்டுவதற்கு முன் அந்த வரியை அவருக்குக் கேட்கும்படி, சாதாரணமாகப் பேசும் வேகத்தில், படித்துக் காட்டியிருக்கலாம். அவர் அப்போதும் கையெழுத்துப் போட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த வரி அவருக்குச் சொல்லப்பட்டிருக்கும்.

இப்போது வேறு கவுண்டரில் இருக்கிறேன். அங்கேயும் படிவங்கள் உண்டு. பென்சில் குறி போடுவதை விட்டுவிட்டு அந்த ஒரு வரியை வாய்விட்டுப் படிக்கிறேன். அதனால் ஒரு ஆளுக்கு இரண்டு நிமிஷம் கூடுகிறது. வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். மேனேஜர் ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டார். இது பெரிய காரியம் என்று சொல்லவரவில்லை. தேரைத் திரும்ப நாலு விரற்கடை உயர்த்த யாராலும் முடியாது, தர்மனாலேயே முடியவில்லை. குஞ்சரம் என்ற சொல்லை மட்டும் மற்றச் சொற்களோடு ஒரே குரலில் சொல்ல முடியும்.